அரசாங்கக் காது

போன வாரம் காது மெஷினுக்கு பேட்டரி வாங்கக் கடைக்குப் போனேன். ஆமாம், எனக்குத்தான். காலமெல்லாம் வகுப்பறையில் கத்தித் தீர்த்தவளுக்கு, ஓய்வு பெற்ற கையோடு அரசாங்கம் பென்ஷன் கொடுத்தது, ஆண்டவன் செவிட்டைக் கொடுத்தான். வீட்டுக்காரர் சொல்வதில் பாதி கேட்காமல் போன அந்தக் கொஞ்ச காலம் எங்கள் இல்லறத்தின் பொற்காலம் என்பேன். மகளுக்குத்தான் பொறுக்கவில்லை. வேலூருக்கு இழுத்துக்கொண்டு போய் இரண்டு காதிலும் மாட்டிவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

பேட்டரி பட்டாணி அளவுதான். முதுகில் ஒட்டியிருக்கும் துண்டு ஸ்டிக்கரைப் பிய்த்தால் அதற்கு உயிர் வந்துவிடும். கடைக்காரர் போட்டுக் காட்டிவிட்டு, "கழட்டி பீரோல வெச்சிடாதீங்கம்மா. நெறைய பேரு அப்டித்தான் பண்றாங்க. போட்டுகினே இருந்தாதான் பழகும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பீரோவில் வைத்துப் பூட்டின ஒரு காதை எனக்கு நன்றாகத் தெரியும். அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஸ்டாக் நம்பர்கூட எழுதியிருந்தது.

அது பரிமளாவின் காது.

தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். பேர் சொல்ல மாட்டேன். சொன்னாலும் உங்களுக்கு அடையாளம் தெரியப்போவதில்லை, அப்படிப்பட்ட பள்ளிகள் அன்றைக்குத் தெருவுக்குத் தெரு இருந்தன. ஓட்டுக் கூரை, நீளமான தாழ்வாரம், பின்பக்கம் சத்துணவுக் கூடம். சுவரை ஒட்டின சந்தில் வீட்டுக்கு வீடு தறி. சாயப்பட்டறைத் தண்ணீர் ஒரு நாள் அரக்கு நிறத்தில் ஓடும், ஒரு நாள் மயில்கழுத்து நிறத்தில் ஓடும். பிள்ளைகள் அதில் காகிதக் கப்பல் விட்டுவிட்டு, கலர் கலராக விரலை வைத்துக்கொண்டு வகுப்புக்குள் வருவார்கள். சாம்பார் வாசனையும் சாய வாசனையும் சாக்பீஸ் தூளும் கலந்த ஒரு நெடி உண்டு. எனக்கு வேலை என்றாலே இன்றைக்கும் அந்த நெடிதான்.

தலைமையாசிரியரை எல்லோரும் பெரிய சார் என்போம். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பேனா, எந்நேரமும் வாய் நிறையச் சிரிப்பு. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் உழைப்பு வேண்டுமே. அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயம் முக்கியம்: இன்ஸ்பெக்ஷன். அதிகாரி வந்து பார்த்து, 'நன்று' என்று எழுதிவிட்டுப் போக வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வருஷம் முழுவதும் பள்ளிக்கூடம் நடந்தது. பிள்ளைகள் அதில் இடைஞ்சலாகப் பல தடவை குறுக்கே வந்தார்கள்.

அந்த இடைஞ்சலில் பெரிய இடைஞ்சல், ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சு. எழுத்துக் கூட்டவே வராத ஒரு பையன், காலில் போலியோ வந்த ஒரு பையன், திடீர் திடீரென்று வலிப்பு வரும் ஒரு பெண். நாலாவது, பரிமளா. பிறவியிலேயே காது கேட்காது. ரொம்பப் பெரிய சத்தமாக இருந்தால் ஏதோ கொஞ்சம் எட்டும். ஆனால் பேசுவாள். எப்படித் தெரியுமா? பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவள் அம்மா தனம் தள்ளுவண்டியில் பஜ்ஜி போட்டாள். எண்ணெய்ச் சட்டி இரைகிற இரைச்சலில், பஸ்காரர்கள் ஹாரன் அடிக்கிற அடியில், காது கேட்கிறவர்களுக்கே ஒன்றும் கேட்காது. எல்லோரும் வாயைப் பெரிதாகத் திறந்துதான் பேசியாக வேண்டும். பரிமளா குழந்தையிலிருந்து அந்த வண்டி ஓரம் நின்று, யார் உதட்டில் மிளகாய் பஜ்ஜி, யார் உதட்டில் போண்டா என்று பார்த்துப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொண்டாள். தனமும் மகள் முகத்துக்கு நேராக நின்றுதான் எதையும் சொல்வாள்.

பரிமளாவின் குரல் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். அவளுக்கே கேட்காத குரல். மூக்கிலிருந்து கிளம்பி, கொஞ்சம் இழுத்து, நல்ல உரப்பாக வரும். 'டீச்சர்' என்பது அவள் வாயில் 'தீச்ச' ஆகும். அவள் ஆறாம் வகுப்பில் கூப்பிட்டால் எட்டாம் வகுப்பில் நான் திரும்பிப் பார்ப்பேன். வாத்தியார்கள் எல்லோரும் அவளிடம் அதிகமாகச் சொன்ன ஒரே வாக்கியம், "மெதுவாப் பேசு." அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "சரி சார்!" என்று அதே உரப்பில் சொல்வாள்.

உதட்டைப் பார்த்துப் படிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ப-வும் ம-வும் உதட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும். வேண்டுமானால் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். தமிழ் ஐயா சொல்வதெழுதுதல் வைத்தால் 'முல்லை மலர் பறித்தாள்' என்பது பரிமளாவின் சிலேட்டில் 'புல்லை பலர் பறித்தாள்' ஆகிவிடும். ஐயா அதை வகுப்புக்கு வகுப்பு எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டிச் சிரித்தார். தமிழில் அவருக்கு இருந்த புலமைக்கு, அந்தப் பெண் ஏன் எப்போதும் ம-வுக்கு மட்டும் ப போடுகிறாள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பாதி நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டே, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடி சொல்வார். முதுகில் உதடு ஏது?

இதில் ஒரு வேடிக்கை. பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி ஒருவர் விசைத்தறி போட்டார். கைத்தறி சத்தம் ஏதோ தாளம் மாதிரி காதுக்குப் பழகியிருந்தது. இது காலை மணி அடித்ததிலிருந்து சாயந்திரம் வரை மண்டைக்குள் ஓடியது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கும் நான் சொல்வது ஒன்றும் கேட்காது. ஒளிச்சேர்க்கை நடத்திவிட்டுக் கேள்வி கேட்டால் மொத்த வகுப்பும் விழிக்கும், பரிமளா மட்டும் கை தூக்குவாள். அவளுக்கு விசைத்தறியும் ஒன்றுதான், வேதபாராயணமும் ஒன்றுதான். அவளைக் கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு மாற்றினேன். பெரிய சாருக்குப் பிடிக்கவில்லை. "முதல் பெஞ்சு படிக்கிற புள்ளைங்களுக்கும்மா" என்றார்.

இன்ஸ்பெக்ஷனுக்கு முதல் நாள் சாயந்திரம் பெரிய சாரே வகுப்புக்கு வருவார். சிரித்த முகத்தோடு அந்த நாலு பேரையும் பார்த்து, "நாளைக்கு லீவு" என்பார். நாலு பேருக்கு மட்டும் லீவு. உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் அப்படி ஒரு பண்டிகை இருக்காது. பிள்ளைகளும் சந்தோஷமாகப் போய்விடுவார்கள்.

ஒரு தடவை அது பலிக்கவில்லை. மறுநாள் காலை, அதிகாரி வருவதற்குள் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தோம். தனம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்குள் வந்துவிட்டாள். பரிமளா சீருடையில் இருந்தாள்.

"சார், ஊர்ல எல்லா புள்ளையும் இஸ்கூலுக்குப் போய்கினு இருக்குது. எம் பொண்ணுக்கு மட்டும் இன்னா சார் லீவு?"

பெரிய சார் அசரவில்லை. "அதுக்கு ரெஸ்ட் குடுத்தோம்மா. பாவம், எவ்ளோ கஷ்டப்படுது."

"அது ஒண்ணும் கஷ்டப்படல சார். நீங்கதான் கஷ்டப்படறீங்க" என்று சொல்லிவிட்டு, மகளை வகுப்பில் உட்கார வைத்துவிட்டுத்தான் தனம் போனாள். அன்றைக்கு அதிகாரி வந்தார், கேட்ட கேள்விக்கு பரிமளா உரக்கப் பதில் சொன்னாள், அதிகாரி திடுக்கிட்டார். 'நன்று' வரவில்லை, 'பரவாயில்லை'தான் வந்தது. பெரிய சார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச நாளில் காற்று திசை மாறியது. 'அனைவரையும் உள்ளடக்கிய கல்வி' என்று ஒரு திட்டம் வந்தது. எங்களை எல்லாம் திருவண்ணாமலைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் நல்ல படிப்பாளி. காது கேளாத குழந்தையிடம் முகத்துக்கு நேராக நின்று பேச வேண்டும் என்று எழுதின தாளைத் திரையில் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வரி விடாமல் திரையைப் பார்த்தே படித்தார். அப்புறம் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிற விளையாட்டு. ஆசிரியர்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு கல்யாண வீடு மாதிரி சிரித்தார்கள். அது பார்வையற்றவர்களின் கஷ்டத்தை உணர்வதற்காம். மத்தியானம் புளியோதரைப் பொட்டலம். பெரிய சார் அத்தோடு கோயிலுக்குப் போய்விட்டார், கையெழுத்துப் போட மட்டும் சாயந்திரம் திரும்பி வந்தார். நானும் யோக்கியம் இல்லை. தெர்மக்கோலில் காது மாதிரி ஒன்று செய்து, அதற்குக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு பள்ளிக்கு ஒரு சாய்தளம் வந்தது. காலில் போலியோ வந்த பையனுக்காகக் கட்டினது. ஆனால் அது வகுப்பறைக்கு ஏறவில்லை, பெரிய சார் அறைக்கு ஏறியது. வகுப்பறைக்கு எப்போதும் போல மூன்று படி. சாய்தளத்தில் தினமும் ஏறினது பெரிய சாருடைய மொபெட்தான். மழையில் நனையாமல் அறை வாசலிலேயே நிறுத்திக்கொள்ள சௌகரியமாக இருந்தது.

காது மெஷினும் வந்தது. முகாம் நடத்தி பரிமளாவுக்குக் கொடுத்தார்கள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி, சட்டையில் மாட்டிக்கொள்ள கிளிப், அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். டார்ச்சு லைட்டுக்குப் போடுவதை விடச் சின்னதாக, பென்சில் மாதிரி ஒரு பேட்டரி போட வேண்டும். போட்டுக்கொண்ட முதல் நாள் பரிமளா தாழ்வாரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். தன் காலடி சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. அப்புறம் நின்று, விசைத்தறி இருந்த சுவரைக் காட்டி, "தீச்ச, அது எப்பவுமே இப்டித்தான் கத்துமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "பாவம் நீங்க" என்றாள்.

அந்த வாரமே பெரிய சார் மெஷினை வாங்கிக்கொண்டார். அரசாங்கச் சொத்தாம். தொலைந்தால் யார் பதில் சொல்வது? வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, உலக உருண்டைக்கும் ஹார்மோனியத்துக்கும் நடுவில் பீரோவில் வைத்துப் பூட்டினார். நான் இரண்டு மூன்று தடவை கேட்டேன். "டீச்சர், உங்களுக்கு சர்வீஸ் கம்மி. ஆடிட்ல மாட்டினா தெரியும்" என்றார். தனம் வந்து கேட்டதற்கு, ரிப்பேருக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்.

இப்போது இன்ஸ்பெக்ஷன் என்றால் அந்த நாலு பேருக்கும் லீவு கிடையாது. அவர்களைத்தான் காட்டியாக வேண்டும். பரிமளா எட்டாம் வகுப்பில் இருந்தபோது மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரியே போட்டோக்காரரோடு வருவதாகத் தகவல் வந்தது. காய்ச்சலில் கிடந்த வலிப்புக்காரப் பெண்ணை ரிக்‌ஷா வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எழுத்துக் கூட்ட வராத பையன் கையில் ஆங்கில அகராதியைக் கொடுத்தார்கள். பரிமளாவுக்குப் பூ வைத்து, ரிப்பன் கட்டி, பீரோவைத் திறந்து மெஷினை எடுத்து மாட்டினார்கள்.

உள்ளே பேட்டரி இல்லை. கழற்றினது எங்கேயோ போய்விட்டது. கடைக்கு ஆள் அனுப்ப நேரமில்லை, ஜீப் கோட்டை மைதானத்தைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்துவிட்டது. ஆபீஸ் அறைச் சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. "சார், அதுல இருக்கறதும் இதே பேட்டரிதான். எடுத்துப் போட்டுடலாம்" என்றேன்.

பெரிய சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கடிகாரம் நின்னா வந்ததுமே கேப்பாங்கம்மா. காது கேக்கலன்னா யாருக்குத் தெரியப்போவுது?"

பெரிய சாரிடம் ஒரு நல்ல குணம், உதடு பிரித்துத் தெளிவாகப் பேசுவார். தாழ்வாரத்தில் ரிப்பன் கட்டிக்கொண்டு நின்ற பரிமளா ஜன்னல் வழியாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைக் கவனித்தேன். அவர் கவனிக்கவில்லை.

அதிகாரி வந்தார். நல்ல மனுஷன், சிரித்தபடியே ஒவ்வொரு பிள்ளையாகத் தட்டிக்கொடுத்தார். பரிமளா முன் குனிந்து, போட்டோக்காரருக்கு முகம் தெரிகிற மாதிரி திரும்பிக்கொண்டு, "மெஷின் போட்டதுக்கப்புறம் நல்லா காது கேக்குதா பாப்பா?" என்றார்.

அவர் கேட்டதை அவள் பார்த்துப் புரிந்துகொண்டாளா, இல்லை எல்லோரும் கேட்பது அதுதான் என்று தெரிந்துவைத்திருந்தாளா, எனக்குத் தெரியாது. பரிமளா தன் முழுக் குரலையும் எடுத்தாள்.

"பேத்தரி இல்ல சார்! அது கடிகாரத்துல இருக்குது!"

ஆபீஸ் அறையைக் கை காட்டினாள். அதிகாரி திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். போட்டோக்காரரும் பார்த்தார். பக்கத்து விசைத்தறிகூட அந்த நேரம் பார்த்து நூல் அறுந்து நின்றிருந்தது. பெரிய சார் முன்னால் வந்து, குரலைத் தாழ்த்தி, "சார், இதுக்குக் காது மட்டும் இல்ல... மூளையும் கொஞ்சம்..." என்று விரலைச் சுழற்றிக் காட்டினார். அதிகாரி முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நான் இன்னும் மறக்கவில்லை. "அச்சச்சோ, பாவம்" என்றார். அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார்.

மறுநாள் தனத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கையில் கடலை மாவு காய்ந்திருக்க, அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே வந்திருந்தாள். வகுப்பாசிரியை என்று என்னையும் நிற்க வைத்தார்கள். பரிமளா அம்மா பக்கத்தில் நின்றாள்.

"இந்த மாதிரி புள்ளைங்களுக்குன்னு வேலூர்ல தனி இஸ்கூல் இருக்குதும்மா. ஹாஸ்டலும் உண்டு. டி.சி. குடுத்துடறேன். அங்கதான் இதுக்கு நல்லது" என்றார் பெரிய சார்.

"பெத்தவங்க எழுதிக் கேட்டாத்தானே சார் டி.சி.?" என்றேன். அன்றைக்கு நான் காட்டின வீரம் மொத்தமும் அந்த ஒரு கேள்விதான், அதற்கே வீட்டுக்குப் போய் ஜுரத்தில் படுத்தேன்.

தனத்துக்கு ஜுரம் எதுவும் வரவில்லை. "நான் கேக்க மாட்டேன். நீங்களா குடுக்கறதா இருந்தா குடுங்க. ஆனா அதுல இன்னா எழுதுவீங்க? பேட்டரி இல்லன்னு சொல்லிச்சி, அதனால தொரத்தறோம்னு எழுதுங்க. அத்த என் வண்டில கண்ணாடி போட்டு மாட்டி வெக்கிறேன். பஜ்ஜி துன்ன வர்றவன்லாம் படிச்சிட்டுப் போவட்டும்."

ஊரில் பாதி வாத்தியார்கள் அவள் வண்டியில்தான் சாயந்திரம் நிற்பார்கள். பெரிய சாரின் சிரிப்பு முதல் முறையாகக் கொஞ்சம் கோணியது. "இன்னாத்துக்கும்மா பேஜாரு. நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றார்.

தனம் மேஜை மேல் கிடந்த மெஷினை எடுத்து மகள் கையில் கொடுத்தாள்.

"அது அரசாங்கச் சொத்து" என்று எழுந்தார் அவர்.

"எம் பொண்ணு காது இன்னா அரசாங்கக் காதா?" என்று கேட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பரிமளா அதன் பிறகு தினமும் மெஷினோடு வந்தாள். பேட்டரி அம்மா வாங்கிக் கொடுத்தது.

அந்த வருஷமே பெரிய சாருக்கு விருது கிடைத்தது. ஊனமுற்ற குழந்தைகளை அரவணைத்த தலைமையாசிரியர் என்று சால்வை போட்டார்கள். விழா மலரில் பரிமளாவின் போட்டோவும் வந்தது, பேட்டரி இல்லாத மெஷினோடு, வாயைப் பெரிதாகத் திறந்தபடி. அவள் ஏதோ பாட்டுப் பாடுகிறாள் என்று கீழே எழுதியிருந்தார்கள்.

மற்ற மூவரும் எட்டோடு நின்றார்கள். பரிமளா மேல்நிலைப் பள்ளிக்குப் போனாள். பத்தாவதில் கணக்கில் ஒரு தடவை கோட்டை விட்டு, மறுபடி எழுதித் தேறினாள். பன்னிரண்டும் முடித்தாள். கம்ப்யூட்டர் படித்து வேலூரில் ஏதோ ஆபீசில் டைப் அடிக்கிற வேலைக்குப் போனாள் என்று தனம் சொன்னபோது, நான் இரண்டு பஜ்ஜி கூடுதலாகத் தின்றேன். அதுதான் தனத்தைக் கடைசியாகப் பார்த்தது. நாங்கள் வீடு மாறிவிட்டோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் போகிற வேலையும் எனக்கு இல்லாமல் போயிற்று. வண்டிகளை அப்புறப்படுத்தினபோது தனத்தின் வண்டியும் போயிற்று. அவள் அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தாள். பள்ளிக்கூடத்துக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். இருக்கிற பிள்ளைகளை வேறு பள்ளியோடு சேர்த்துவிட்டார்களாம்.

போன தை மாதம் கண்ணமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டு வரும்போது ஒரு பெண் ஓடிவந்து கையைப் பிடித்தாள். பட்டுப்புடவை, நரைக்கத் தொடங்கின முன் நெற்றி முடி, பக்கத்தில் பத்து வயசு மகள். பரிமளா. நான் "எப்படிம்மா இருக்க?" என்று கேட்டுவிட்டு, அந்த உரத்த 'தீச்ச'வுக்காகக் காத்திருந்தேன். அவள் சிரித்தாள். பையிலிருந்து போனை எடுத்து, விரலை வேகமாக ஓட்டி, என் முகத்துக்கு நேராகக் காட்டினாள். 'நல்லா இருக்கேன் டீச்சர். சாப்டீங்களா?'

"வாயால சொல்லேன்டி. உன் குரல் கேட்டு எவ்ளோ வருஷமாச்சு" என்றேன்.

அவள் தலையசைத்து மறுத்தாள். சிரிப்பு மாறவே இல்லை. மகள்தான் என்னிடம் சொன்னாள். "அம்மா வெளியில பேச மாட்டாங்க ஆன்ட்டி. ஆபீஸ்ல எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்கன்னு மேனேஜர் எழுதிக் காட்டச் சொல்லிட்டாராம், நான் பொறக்கறதுக்கு முன்னாடியே. வீட்ல மட்டும் பேசுவாங்க. அதுவும் கதவ சாத்தினாதான்."

மண்டபத்தில் தவில்காரர் வெளுத்துக்கொண்டிருந்தார். மைக்கில் யாரோ மொய் வாசித்தார்கள். சம்பந்தி வீட்டார் ரசம் வரவில்லை என்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பாடு போட்டார்கள். அத்தனை பேரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரையும் யாரும் மெதுவாகப் பேசச் சொல்லவில்லை.